மூன்று கண்ணி

இதை யாரோ சொல்லக் கேட்டு எழுதவில்லை. என் வலது மணிக்கட்டில் நடந்தது. அங்கே நான்கு விரல் அகலத்துக்கு ஒரு வெளிறிய தடம் இன்னும் இருக்கிறது. குளிரில் கையெல்லாம் சிவந்தாலும் அந்த இடம் மட்டும் சிவக்காது.

நேரங்களையும் நான் ஊகித்துச் சொல்லவில்லை. எங்கள் கொட்டகையில் லோடர் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது. அன்று மாலையே எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

டிசம்பர் பதினேழாம் தேதி. பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்தில் தொடங்கியது. மூன்று மணிக்குள் முடிந்துவிட்டது.

பிற்பகலில் பேயா என்று நினைக்க வேண்டாம். பின்லாந்தின் வடகோடியில் இருக்கிறது எங்கள் ஊர். நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலை காட்டும். டிசம்பரில் நண்பகலுக்கு வானம் கொஞ்சம் நீலமாகும். இரண்டு மணிக்குள் அதுவும் போய்விடும். பிறகு கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

அப்பா வெய்க்கோ ஊர்ச் சாலைகளில் பனி ஒதுக்கும் ஒப்பந்தக்காரர். அவரிடம் ஒரு லாரியும், பனியை அள்ளித் தள்ளும் ஒரு லோடரும் இருந்தன. எனக்கு அப்போது பதினாறு வயது. அந்த இலையுதிர்காலத்தில்தான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். படிப்பு வராமல் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுந்து நிற்கச் சொன்னால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். தெரிந்த பதில்கூட வெளியே வராது. ஒரு நாள் வீட்டுக்கு வந்தேன், மறுநாள் போகவில்லை. அப்பா திட்டவில்லை. "சரி, கொட்டகையில வேலை இருக்கு" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசும்போது அவர் சிரித்ததே இல்லை.

கொட்டகையில் ஒரு வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டேன். லோடர் டயர்களுக்குச் சங்கிலி மாட்டும் வேலை. எங்கள் ஊர்ப் பனிக்கட்டி மேட்டில் சங்கிலி இல்லாமல் லோடர் ஏறாது, ஏறினாலும் நிற்காது. ஒரு சங்கிலி என்னைவிட இரண்டு மடங்கு எடை. கூரையில் தொங்கும் கப்பியில் தூக்கி, முள் வெளிப்பக்கம் பார்க்க டயர் மேல் போர்த்தி, ஜாக் வைத்துச் சக்கரத்தை ஒரு விரல் உயர்த்தி, அடியில் இழுத்து, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, அப்புறம் வெளிப்பக்கம். கொக்கியின் வாய் டயரைப் பார்க்கக் கூடாது, வெளியே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டயரைத் தின்றுவிடும். ஒரு சக்கரத்துக்கு நாற்பது நிமிடம். அப்பாவுக்கே ஐம்பது ஆகும்.

அது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

அக்டோபரில் இன்கா வந்தாள்.

இன்கா என் பெரியப்பா மகள். தெற்கே நகரத்தில் வளர்ந்தவள், இருபது வயது. லோடர் ஓட்ட உரிமம் வைத்திருந்தாள். நடக்கும்போதே பாடுவாள், சாப்பிடும்போதே பேசுவாள். அவள் வந்த முதல் நாளே சாப்பாட்டு மேசையில் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆகிறது என்று நான் ரொட்டியைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் அப்பா லோடர் சாவியை அவள் கையில் கொடுத்தார்.

அந்த லோடர் அந்த வருடம்தான் எங்களிடம் வந்தது. நூறு மைல் தள்ளி ஆற்றோரத்தில் ஒரு குடும்பம் தொழிலை நிறுத்திவிட்டு விற்ற வண்டி. அதனுடைய பழைய சங்கிலிகளும் கூடவே வந்தன. அப்பா தனியாகப் புதிதாக ஒரு செட் வாங்கியிருந்தார். டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டையும் தரையில் விரித்துப் போட்டு, எதை மாட்டலாம் என்று கேட்டார்.

"இதான் சித்தப்பா!" இன்கா புதியதை பூட்ஸால் தட்டினாள். "முள்ளைப் பாருங்க. ஐஸைக் கடிச்சுக்கிட்டு நிக்கும்."

புதியது கனமானது. கண்ணிகள் நெருக்கமாக, முள் உயரமாக இருந்தன. நான் சங்கிலியின் தடிமனை விரலால் அளந்துகொண்டு போய், டயருக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே முஷ்டியை வைத்துப் பார்த்தேன். சங்கிலி போட்ட பிறகும் அங்கே ஒரு முஷ்டி நுழைய வேண்டும். இந்த லோடர் நடு இடுப்பில் வளைந்து திரும்பும் வண்டி. இடம் போதாவிட்டால் வளையும்போது கண்ணிகள் இரும்பில் அடிக்கும்.

"இடிக்கும்" என்றேன்.

"என்னது?" என்றார் அப்பா.

"வளையும்போது... இடிக்கும்."

அப்பாவுக்குக் கேட்கவில்லை. இன்காவுக்குக் கேட்டது. அவள் குனிந்து தன் முஷ்டியை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"வேணாம் சித்தப்பா! வளையறப்போ பாடியில இடிக்கும். பழைய செட்டே போதும்."

அப்பா சிரித்தார். "எங்கண்ணன் பொண்ணுன்னா சும்மாவா! வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, கண்ணைப் பாரு!"

இன்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அது நன்றியா கேலியா என்று தெரியவில்லை. கேலி என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த இரவு நோட்டில் அவள் பெயரை எழுதி, எழுதி, பேனா தாளைக் கிழிக்கும் வரை அடித்தேன்.

பழைய சங்கிலியில் ஒரு விஷயம் கவனித்தேன். ஒன்றில் மட்டும் கடைசிக் கண்ணியில் சிவப்புக் கம்பளி நூல் முடிச்சு. வலது பின் சக்கரத்துக்கானது என்று யாரோ வைத்த அடையாளம். நானும் அப்படித்தான் செய்வேன். இதற்கு முன்னால் இதை மாட்டிய பெண்ணுக்கும் பொறுமை அதிகம் என்று நினைத்தேன். பெண் என்று எனக்கு ஏன் தோன்றியது? யாரும் சொல்லவில்லையே...

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் ஒரு பழக்கம் உண்டு. கொக்கி மாட்ட இடது கை விரல்கள் வெறுமையாக இருக்க வேண்டும். அதனால் சக்கரத்தருகே குனியும் ஆள் இடது கையுறையைக் கழற்றி ஸ்டீயரிங்கில் தொங்கவிட்டுவிட்டுத்தான் இறங்குவார். கையுறை தொங்கினால் கீழே ஆள் இருக்கிறது என்று பொருள். உரியவரே வந்து எடுக்கும் வரை இன்னொருவர் அதைத் தொடக் கூடாது. வண்டியைக் கிளப்பக் கூடாது. அப்பா குடித்திருந்தாலும் இதை மட்டும் மீறியதில்லை.

டிசம்பர் பதினேழு அன்று காலையிலிருந்தே பனி கொட்டியது. மைனஸ் இருபத்தொன்று. அப்பா லாரியை எடுத்துக்கொண்டு பெரிய சாலைக்குப் போய்விட்டார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வரும் வண்டி நாலு மணிக்கு மேட்டுச் சாலையில் வரும். அதற்குள் இன்கா லோடரில் போய் அதைத் திறக்க வேண்டும். சங்கிலி மாட்டி வைப்பது என் வேலை. மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு இன்கா வீட்டுக்குள் போனாள். வீடு மேலே இருக்கிறது, பனியில் நடந்து வர ஐந்து நிமிடம்.

மூன்று சக்கரங்களை முடித்தேன். குறை சொல்ல முடியாத வேலை.

நான்காவது, வலது பின் சக்கரம். அதன் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உள்பக்கக் கொக்கியை மாட்ட வேண்டிய கண்ணியில் மாட்டாமல், மூன்று கண்ணி தள்ளி மாட்டினேன். வெளிப்பக்கம் இறுக்கமாகத்தான் இருக்கும். இன்கா வந்து இழுத்துப் பார்த்தாலும் தெரியாது. மேட்டில் பாதி ஏறும்போது சங்கிலி கழன்று விழும். லோடர் சாலைக்குக் குறுக்கே நிற்கும். பிள்ளைகளின் வண்டி வந்து நிற்கும், ஊரே வந்து நிற்கும். அவள் அப்பாவுக்குப் போன் செய்து அழ வேண்டும். அவர் அவளைப் பார்த்தும் சிரிக்காமல் இருக்க வேண்டும்.

அவ்வளவுதான் ஆசைப்பட்டேன். அவள் உயிருக்கு ஆபத்து வரலாம் என்று நினைக்கவே இல்லை. அந்த மேட்டின் ஒரு பக்கம் பள்ளம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நினைக்கவில்லை.

ஸ்டீயரிங்கிலிருந்து என் கையுறையை எடுத்துக்கொண்டு, கொட்டகை மூலையில் இருக்கும் அடுப்பு அறைக்குப் போனேன். காபி ஊற்றினேன்.

2:10.

*கிளிங்.*

கோப்பை உதட்டில் இருந்தது. அப்படியே நின்றேன்.

*கிளிங்... கிளிங்... கிர்ர்ர்...*

சங்கிலியைப் பல் பல்லாக இழுத்து இறுக்கும் சத்தம். எனக்கு அது தூக்கத்திலும் தெரியும்.

கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. விளக்கு லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. வலது பின் சக்கரத்தருகே போய், உள்பக்கம் கையை விட்டுப் பார்த்தேன்.

இறுக்கமாக இருந்தது. நான் விட்ட மூன்று கண்ணியும் இழுக்கப்பட்டிருந்தன. கொக்கியின் வாய் வெளியே பார்த்திருந்தது. முறையான வேலை.

2:17.

பயப்படவில்லை. கோபம்தான் வந்தது. இன்காதான். சத்தமில்லாமல் வந்து, என் வேலையைப் பரிசோதித்து, சரி செய்துவிட்டுப் போயிருக்கிறாள். சாவி அவளுக்கு, சிரிப்பு அவளுக்கு, என்னிடம் மிச்சமிருந்த இந்த ஒன்றும் அவளுக்கா?

மறுபடி தளர்த்தினேன். மூன்று கண்ணி. அடுப்பு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

*கிளிங்... கிர்ர்ர்...*

இந்த முறை கதவின் சிறு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சக்கரம் அந்தப் பக்கம். தெரியவில்லை. ஆனால் லோடர் கண்ணாடிக்குள் ஸ்டீயரிங் தெரிந்தது. அதில் ஏதோ தொங்கியது.

கையுறை.

என்னுடையது என் பையில் இருந்தது.

2:26.

"இன்கா?"

சத்தம் நின்றுவிட்டது. போய் ஏணியில் ஏறிப் பார்த்தேன். சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை. மணிக்கட்டுப் பக்கம் சிவப்புப் பட்டை. சின்னது, என் கைக்கே இறுக்கமாக இருக்கும். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

தரையில் எண்ணெய்க்காக மரத்தூள் தூவியிருந்தேன். அதில் அடிச்சுவடுகள் இருந்தன. எல்லாம் என்னுடையவை.

அதைக் கவனித்தேன். ஆனால் மனதில் வாங்கவில்லை. என் தலைக்குள் இன்காவின் கண்ணடிப்பு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. உரியவர் தவிர யாரும் தொடக் கூடாத கையுறையை எடுத்தேன். அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே போட்டேன். ஈரக் கம்பளி சீறியது. முடி கருகும் நாற்றம் வந்தது.

2:29.

சுவரில் போன் அடித்தது. 2:31.

"என்னடி, முடிஞ்சுதா?" இன்கா. பின்னால் வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"நீ... எங்க இருக்கே?"

"எங்க இருப்பேன், வீட்லதான். ஒரு மணி நேரமா சோபாவை விட்டு எழுந்திருக்கல. வெளியே குளிர் கொல்லுது." வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினாள். "ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு? வாய்க்கும் சங்கிலி மாட்டிட்டியா?"

நான் லோடர் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"சரி, அதை விடு. சித்தப்பா போன் பண்ணினாரு. ஒரு நல்ல சேதி. வர்ற வருஷத்துலேர்ந்து லோடர் வேலை முழுக்க எனக்குத்தானாம்! கொட்டகையையும் நானே பாத்துக்கணுமாம். நீ மறுபடி ஸ்கூலுக்குப் போகலாம்ல? நல்லதுதானே?"

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். உண்மையாகவே நல்லது என்று நினைத்தாள்.

"மூணு மணிக்கு வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் வீட்டில் இருந்தாள். அப்படியானால் கொட்டகையில் என்னோடு இருந்தது யார்?

வெளியே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா... பயத்தைவிட மற்றது பெரிதாக இருந்தது. ஸ்கூலுக்குப் போகலாம்ல என்ற அந்தக் குரல். எழுந்து நில் என்ற வகுப்பறை. என் கப்பி, என் கொக்கிகள், என் நாற்பது நிமிடம், எல்லாம் அவளுக்கு.

போய்த் தொட்டுப் பார்த்தேன். சங்கிலி இறுக்கமாக இருந்தது.

மூன்றாவது முறையும் தளர்த்துவேன் என்று முடிவு செய்தேன்.

உள்பக்கக் கொக்கியை எட்ட, லோடரின் இடுப்பு வளைவுக்குள், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே குந்த வேண்டும். அதற்கு முன் வளைவைப் பூட்டும் இரும்புத் தண்டைப் போட வேண்டும். போடவில்லை. அவசரம். கையுறையையும் தொங்கவிடவில்லை. திருட்டு வேலைக்கு யார் அடையாளம் வைப்பார்கள்?

2:41.

குந்தினேன்.

கையை உள்ளே விட்டேன். கொக்கி அகப்பட்டது. நெம்பினேன். அசையவில்லை.

என் காதருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

மூச்சு... குளிராக இருந்தது. மனிதர் மூச்சு சூடாக அல்லவா இருக்கும்.

சக்கரத்துக்கு உள்ளிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

வெறுங்கை. சின்னக் கை. இடது கை.

இழுத்தேன். விடவில்லை.

கொட்டகைக் கதவு திறந்தது. பூட்ஸ் சத்தம். பாட்டு. இன்கா! மூன்று மணி ஆகவில்லை. கடிகாரம் 2:46.

அவள் இடது பக்க ஏணியில் ஏறினாள். நான் வலது பக்க இருட்டில் இருந்தேன். அவள் கண்ணுக்கு நான் தெரியவில்லை.

"பிரிதா! சித்தப்பா சீக்கிரம் கிளம்பச் சொல்றாரு! எங்கடி இருக்கே?"

வாயைத் திறந்தேன்.

தொண்டை அடைத்துக்கொண்டது. வகுப்பறையில் போலவே.

எஞ்சின் உறுமியது.

எங்கள் கொட்டகையிலிருந்து வெளியேற முதலில் வலது பக்கம் வளைக்க வேண்டும். வளைத்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் சேரும்.

நான் நடுவில்.

அந்தக் கை என்னைப் பிடித்திருந்தது.

இரும்பு முனகியது. வளைவு ஒரு விரல்... மூடியது.

கத்தினேன். சத்தம் வரவில்லை.

நின்றது.

எஞ்சின் அணைந்தது.

மேலிருந்து இன்காவின் குரல். சிரிப்பு இல்லாத குரல்.

"யாரு கீழே? பிரிதா... கையுறை தொங்குதே. இது உன்னோடதா?"

மணிக்கட்டில் இருந்த பிடி விட்டது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. மரத்தூள் மேல் கிடந்தேன். இன்கா இறங்கி ஓடி வந்தாள். நான் எங்கிருந்து வந்தேன் என்று பார்த்ததும் அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"வளைவுக்குள்ளயா இருந்தே? அடிப்பாவி! ஸ்டீயரிங்கைத் திருப்ப ஆரம்பிச்சுட்டேன்டி! கைக்கு ஈரமா ஏதோ பட்டுச்சு, அதனாலதான் நிறுத்தினேன். இல்லேன்னா..."

அவள் கையில் அந்தக் கையுறை இருந்தது. சாம்பல் நிறம். சிவப்புப் பட்டை. பட்டையின் ஒரு ஓரம் கருகியிருந்தது.

"இதைத் தொங்கவிட்டியே, அதுவே போதும் சாமி" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அடுப்பு அறையைப் பார்த்தேன். அடுப்புக் கதவு சாத்தியபடியே இருந்தது.

எதற்காக உள்ளே போனாய் என்று கேட்டாள். "கொக்கி... மறுபடி பார்த்தேன்" என்றேன். அன்று சாப்பாட்டு மேசையில் அவள் அப்பாவிடம், "முடிச்ச வேலையையே மறுபடி பாக்கறா சித்தப்பா. சங்கிலி விஷயத்துல இவளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் புது செட் இடிக்கும்னு சொன்னதும் இவதான், நான் இல்ல. கொட்டகை இவகிட்டயே இருக்கட்டும்" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனையும். அதை என்னால் விழுங்க முடியவில்லை.

சங்கிலி மேட்டில் கழலவில்லை. திரும்பி வந்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்பக்கக் கொக்கி சரியான கண்ணியில் இருந்தது. சிவப்பு நூல் புதிதாக முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

கையுறையை இன்கா அடுப்பு அறை ஆணியில் மாட்டினாள், தேடி வருபவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று. குளிர்காலம் முழுவதும் அடுப்புக்கு மேலேயே தொங்கியது. ஒரு நாளும் உலரவில்லை.

மே ஒன்பதாம் தேதி, காலை 11:40. லோடரை விற்ற வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ரவுனி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சங்கிலிகளை ஏற்றி வந்த டிரெய்லரைத் திருப்பி எடுத்துப் போக வந்திருந்தாள். அப்பா ஊரில் இல்லை. நான் காபி போட்டேன். அடுப்பு அறைக்குள் வந்தவள் ஆணியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் அதை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். உள்ளே சிறு எழுத்தில் ஒரு T பின்னியிருந்தது. நான் அதுவரை திருப்பிப் பார்த்ததில்லை.

"என் தங்கச்சியோடது. தைமி. நான்தான் பின்னிக் கொடுத்தேன்." குரல் மெதுவாக வந்தது. "நாலு வருஷம் ஆச்சு. எங்க வீட்ல நான் லோடர் ஓட்டுவேன், அவ சங்கிலி மாட்டுவா. அவளுக்கும் ஓட்ட ஆசைதான். அப்பா என் கையிலதான் சாவியைக் கொடுத்தாரு. ஒரு டிசம்பர்... நான் வண்டியைக் கிளப்பி வளைச்சேன். அவ உள்ளே இருந்தா. ஸ்டீயரிங்ல கையுறை இல்லம்மா. சத்தியமா இல்ல."

என் மணிக்கட்டு ஜில்லிட்டது.

"அப்போ இது... வண்டியோட வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

ரவுனி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"எப்படி வரும்? ரெண்டு கையிலயும் நானே போட்டுவிட்டுத்தானே சவப்பெட்டியை மூடினோம்."

வெளியே கூரையிலிருந்து உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையுறையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீயும் சங்கிலி மாட்டறவதானே? ஒண்ணு கேக்கட்டுமா? அவ வேலை எப்பவும் கச்சிதமா இருக்கும். அன்னிக்கும் எல்லாத்தையும் முடிச்சுட்டுக் காபி குடிச்சவ, எதுக்கோ யாருக்கும் தெரியாம மறுபடி போய்க் குந்தியிருக்கா. அப்புறம் பாத்தா வலது பின் சக்கரத்துல, உள்பக்கக் கொக்கி மட்டும் மூணு கண்ணி தளர்வா இருந்துச்சு. மூணு கண்ணி. தைமி அப்படி விடவே மாட்டா. ஏன்னு நாலு வருஷமா யோசிக்கறேன்... உனக்கு ஏதாவது தோணுதா?"

தளர்த்தப் போனாளா? தளர்த்தியதை நினைத்து மனம் கேட்காமல், திரும்ப இறுக்கப் போனாளா? அது மட்டும் எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும்.

ரவுனியின் கண்களைப் பார்த்தேன்.

"தெரியாதுக்கா" என்றேன்.

*கிளிங்.*

இரண்டு பேரும் கதவுக் கண்ணாடி வழியே கொட்டகையைத் திரும்பிப் பார்த்தோம். சங்கிலிகளைக் கழற்றி, எண்ணெய் தடவி, கொட்டகைச் சுவர் ஆணிகளில் மாட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. வெளிக் கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. நான்கில் மூன்று சங்கிலிகள் அசையவில்லை.

சிவப்பு நூல் கட்டியது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.